நோட்டரி முத்திரைக்குப் பின்னால் ஒரு பதிவேடு இருக்கு: நீங்க அதில் கையெழுத்துப் போட்டீங்களா?

"நோட்டரி வாங்கிட்டு வாங்க, பார்க்கலாம்." எந்தக் கவுன்ட்டருக்குப் போனாலும் இந்த வார்த்தையை ஒரு தடவையாவது கேட்டிருப்பீங்க. உடனே நாம என்ன பண்ணுவோம்? நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடைக்குப் போவோம். கடைக்காரர் டைப் அடித்த தாளை நீட்டி, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று விரலால் காட்டுவார். கையெழுத்துப் போட்டதும் ஒரு பையன் அதை எடுத்துக்கொண்டு ஓடுவான். பத்து நிமிஷத்தில் வட்ட முத்திரையோடு தாள் திரும்பி வரும். அந்த நோட்டரி யார், எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. அவருக்கும் நம்ம முகம் தெரியாது. வேலை முடிஞ்சுதா, கிளம்பிடுவோம்.

இதே பத்து நிமிஷம், நீங்க இல்லாமலே உங்க பெயரில் நடந்தால்?

எங்க வீட்டில் நடந்தது. சித்தப்பா ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். தாத்தா காலத்து வீட்டின் மின் இணைப்பு அவர் பெயரில்தான் இருந்தது. இரண்டு மாசத்துக்கு ஒருமுறை அவர் போனுக்கு வரும் கரண்ட் பில் எஸ்எம்எஸ் திடீரென்று நின்றுபோனது. முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விசாரித்தபோதுதான் இணைப்பு ஒரு பங்காளி பெயருக்கு மாறியிருப்பது தெரிந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு நகல் வாங்கினோம். "பெயர் மாற்றத்தில் எனக்கு ஆட்சேபனை இல்லை" என்று சித்தப்பாவே சொல்வதாக ஒரு பிரமாணப் பத்திரம். கீழே அவர் பெயரில் கையெழுத்து, அதன் பக்கத்தில் நோட்டரி முத்திரை. பத்திரத்தில் இருந்த தேதியில் சித்தப்பா ஷார்ஜாவில் இருந்தார். பாஸ்போர்ட்டில் குடியேற்ற முத்திரையே இருக்கிறது.

"அப்போ நோட்டரி மேல கேஸ் போட்டுடலாம்" என்று நான் குதித்தேன். ஜர்னலிசம் படித்தவனுக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. குடும்பத்துக்குத் தெரிந்த வழக்கறிஞர் சிரித்துக்கொண்டே, "பதிமூணாவது பிரிவைப் படிச்சுட்டு வா" என்றார். படித்துப் பார்த்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பதிமூன்றாவது பிரிவு

நோட்டரிகளுக்கென்று தனிச் சட்டமே இருக்கிறது: 1952-ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டம். அதன் நடைமுறைகளைச் சொல்வது 1956-ஆம் ஆண்டின் நோட்டரிகள் விதிகள். தமிழில் அரசு ஆவணங்களில் 'சான்றுறுதி அலுவலர்' என்று எழுதுவார்கள். நாம் நோட்டரி என்றே சொல்லிக்கொள்வோம்.

நோட்டரி என்பவர் அரசு ஊழியர் இல்லை, அவருக்குச் சம்பளமும் கிடையாது. குறைந்தது பத்து வருஷம் வழக்கறிஞராக இருந்தவரை அரசு நியமிக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர் என்றால் ஏழு வருஷம் போதும். நியமிப்பது மத்திய அரசாகவும் இருக்கலாம், மாநில அரசாகவும் இருக்கலாம். தொழில் செய்யக் கொடுக்கும் சான்றிதழ் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

இப்போது 13-வது பிரிவு. ஒரு நோட்டரி தன் பணியைச் செய்யும்போதோ, பணியைச் செய்வதாகச் சொல்லிக்கொண்டோ ஒரு குற்றம் செய்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசோ மாநில அரசோ அதிகாரம் கொடுத்த ஓர் அலுவலர் எழுத்துமூலம் புகார் கொடுத்தால்தான் அந்தக் குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொள்ள முடியும். நீங்களோ நானோ நேராகப் போய் கிரிமினல் வழக்குத் தொடுத்தால் அது நிற்காது. போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்திருந்தாலும், அந்த அலுவலரின் புகார் இல்லை என்றால் நோட்டரியைப் பொறுத்தவரை சிக்கல்தான். இதே காரணத்துக்காக நோட்டரி மீதான வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்த முன்னுதாரணம் உண்டு.

கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. பொய்ப் பத்திரத்துக்கு முத்திரை குத்தியவருக்குப் பாதுகாப்பா?

கொஞ்சம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் வருவார்கள். சொத்துத் தகராறு, கடன், குடும்பச் சண்டை என்று ஒவ்வொரு பத்திரத்துக்குப் பின்னாலும் ஒரு எதிராளி இருப்பார். உள்ளே எழுதியிருப்பது உண்மை என்று நோட்டரி உறுதி கொடுப்பதில்லை. "இந்த ஆள் என் முன்னால் வந்தார், உறுதிமொழி எடுத்தார், கையெழுத்துப் போட்டார்" என்பதற்குத்தான் அவர் சாட்சி. பத்திரத்தில் பொய் சொல்லியிருந்தால் அது சொன்னவர் தலையில் விழும். இந்த வித்தியாசம் புரியாமல், தோற்றுப்போன தரப்பெல்லாம் நோட்டரியையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால், ஒழுங்கான வழக்கறிஞர் யாரும் இந்த வேலைக்கு வரமாட்டார். அந்த வரைக்கும் சட்டம் சொல்வது நியாயம்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆனால் ஆள் வராமலே "வந்தார்" என்று முத்திரை குத்தினால்? அவர் சாட்சி சொல்லும் ஒரே விஷயமே அங்கே பொய்யாகிவிடுகிறது. அதற்கும் அதே 13-வது பிரிவு குறுக்கே நிற்கும். சாதாரண மனிதருக்குக் கதவு மூடியிருப்பது போலத் தெரிவது இந்த இடத்தில்தான்.

பாதுகாப்பு எதுவரை?

முதலில், இந்தப் பாதுகாப்பு நோட்டரிக்கு மட்டும். சித்தப்பா மாதிரி நடித்துக் கையெழுத்துப் போட்டவருக்கோ, அதை வைத்துப் பெயர் மாற்றியவருக்கோ கிடையாது. ஆள்மாறாட்டம், போலி ஆவணம் என்று அவர்கள் மேல் காவல் நிலையத்தில் தாராளமாகப் புகார் கொடுக்கலாம். "நோட்டரி சம்பந்தப்பட்டதுங்க, எங்களால எடுக்க முடியாது" என்று யாராவது சொன்னால், உங்கள் புகார் யார் மேல் என்பதைத் தெளிவாகப் பிரித்து எழுதிக் கொடுங்கள்.

அடுத்து, முத்திரை குத்தியவர் உண்மையிலேயே நோட்டரிதானா? நியமனமே இல்லாமல் நோட்டரி என்று சொல்லிக்கொள்பவருக்கும், செல்லத்தக்க சான்றிதழ் இல்லாமல் நோட்டரி வேலை பார்ப்பவருக்கும் 12-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் உண்டு. போலி முத்திரை வைத்திருப்பவர் நோட்டரியே இல்லை. அவருக்கு ஏது நோட்டரிக்கான பாதுகாப்பு?

கடைசியாக, அந்தப் பிரிவு பேசுவது குற்ற வழக்கைப் பற்றி மட்டும்தான். நியமித்த அரசு நடத்தும் துறை விசாரணையை அது தடுக்காது. பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டு நீங்கள் சிவில் நீதிமன்றம் போவதையும் தடுக்காது. நோட்டரியைப் பொறுப்பேற்க வைக்கும் நிஜமான வழி அந்தத் துறை விசாரணைதான்.

13-வது விதி: இது உங்களுக்கானது

சட்டத்தின் 13-வது பிரிவு நோட்டரியைக் காக்கிறது. விதிகளின் 13-வது விதியோ அவரைக் கேள்வி கேட்கிறது. இரண்டுக்கும் ஒரே எண் வந்தது தற்செயல்தான், ஆனால் ஞாபகம் வைத்துக்கொள்ள வசதி.

நோட்டரியின் தொழில்சார் முறைகேடு பற்றி அவரை நியமித்த அரசுக்கு யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். புகாரே இல்லாமல் அரசு தானாகவும் விசாரிக்கலாம். புகாரை வெள்ளைத் தாளில் கதையாக எழுதி அனுப்பினால் போதாது. விதிகளில் உள்ள படிவம் 13-ல் எழுத வேண்டும். நோட்டரி என்ன செய்தார் அல்லது செய்யத் தவறினார், அதற்கு உங்களிடம் என்ன ஆவணம், யார் சாட்சி என்பது அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் புகார் உங்களுக்கே திரும்பி வரும். எங்களுக்கு வந்தது. மூன்று பக்கம் உருக்கமாக எழுதியிருந்தோம், பாஸ்போர்ட் நகலை இணைக்க மறந்திருந்தோம். அப்படித் திரும்பி வருவது நிராகரிப்பு இல்லை. குறையைச் சரிசெய்து மறுபடி அனுப்பலாம். ஆனால் ஏற்கெனவே முடிந்துபோன ஒரு புகாரை, புதிதாக ஒன்றும் சேர்க்காமல் திரும்ப அனுப்பினால் தள்ளுபடி ஆகும்.

புகார் ஒழுங்காக இருந்தால் அதன் நகல் நோட்டரிக்குப் போகும். கிடைத்ததிலிருந்து பதினான்கு நாளுக்குள் அவர் தன் விளக்கத்தை எழுதித் தரலாம். அதையும் படித்துவிட்டு, முகாந்திரம் இருக்கிறது என்று அரசு நினைத்தால் விசாரணை அதிகாரியிடம் ஒப்படைக்கும். இல்லையென்றால் புகார் அத்தோடு முடிந்துவிடும். விசாரணையில் நோட்டரி தானே வாதாடலாம், வழக்கறிஞரையோ இன்னொரு நோட்டரியையோ வைத்தும் வாதாடலாம். முறைகேடு உறுதியானால் அரசுக்கு மூன்று வழி: எச்சரித்து விடலாம், குறிப்பிட்ட காலத்துக்குத் தொழில் செய்யாமல் நிறுத்தி வைக்கலாம், சான்றிதழை ரத்து செய்து நிரந்தரமாகத் தடை விதிக்கலாம். வழக்கறிஞருக்கு மூன்றாவது எவ்வளவு பெரிய அடி என்று சொல்லத் தேவையில்லை. ஒழுக்கக்கேடான குற்றத்தில் எந்த நீதிமன்றமாவது தண்டித்தாலும் 10-வது பிரிவின்படி அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம்.

எந்த அரசுக்கு அனுப்புவது? முத்திரையைப் பாருங்கள். ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் நோட்டரியின் பெயர், அவருக்கு ஒதுக்கிய பகுதி, பதிவு எண், நியமித்த அரசின் பெயர் எல்லாம் இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ்நாடு அரசு என்று இருந்தால் தலைமைச் செயலகத்தில் உள்ள சட்டத் துறை. இந்திய அரசு என்று இருந்தால் புதுதில்லியில் உள்ள மத்திய சட்ட அமைச்சகத்தின் சட்ட விவகாரத் துறை. மை கலங்கி ஒன்றுமே படிக்க முடியாத முத்திரை என்றால், அதை வாங்கும்போதே "சார், இன்னொரு தடவை தெளிவா போடுங்க" என்று கேட்க வேண்டியதுதான். முத்திரையில் எழுதியுள்ள பகுதிக்கு வெளியே அவர் நோட்டரி வேலை செய்யக் கூடாது என்பதையும் கவனியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நோட்டரி மேல் புகார் கொடுத்துவிட்டால் பத்திரம் தானாகச் செத்துவிடாது. அவர் சான்றிதழே ரத்தானாலும், அந்தத் தாளை வைத்து மாற்றிய பெயர் மாறியபடியேதான் இருக்கும். பத்திரத்தை ஏற்றுக்கொண்ட அலுவலகத்துக்குத் தனியாக ஆட்சேபம் கொடுக்க வேண்டும், தேவைப்பட்டால் ரத்து செய்யச் சொல்லி சிவில் வழக்குப் போட வேண்டும். அந்த வழக்குக்கு விஷயம் உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் கெடு. துறை விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தாலும் கெடு ஓடிக்கொண்டுதான் இருக்கும். நாங்கள் இரண்டையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தோம். மின் இணைப்பைப் பழைய பெயருக்கே மாற்ற ஐந்து மாசம் ஆனது.

எல்லாம் அந்தப் பதிவேட்டில்தான்

நகலைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த நோட்டரியையே போய்ப் பார்த்தோம். "ஆள் வந்தார், ஆதார் காட்டினார்" என்றார். பதிவேட்டைக் காட்டுங்கள் என்றதும், அது வீட்டில் இருக்கிறது என்றார். நம் மாதிரி ஆட்கள் கேட்டதும் எடுத்துக் காட்ட அவருக்குக் கட்டாயம் இல்லை, உண்மைதான். ஆனால் மாவட்ட நீதிபதியோ அரசு அதிகாரம் கொடுத்த அலுவலரோ கேட்டால் காட்டியே ஆக வேண்டும்.

ஒவ்வொரு நோட்டரியும் படிவம் 15-ல் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். எத்தனை பக்கம் என்று முதல் பக்கத்திலேயே சான்று எழுதிவிட்டுத்தான் அதைப் பயன்படுத்தத் தொடங்க வேண்டும். நடுவில் தாளைச் சொருகுவதும் கிழிப்பதும் நடக்கக் கூடாது என்பதற்காக. என்ன வேலை, யாருக்காக, எந்தத் தேதி, எவ்வளவு கட்டணம் என்று ஒவ்வொன்றும் வரிசை எண்ணோடு ஏறும். போன வருஷம் என்னென்ன செய்தார் என்ற கணக்கை ஒவ்வொரு ஜனவரி முதல் வாரமும் அரசுக்கு அனுப்ப வேண்டும்.

இதனால் உங்களுக்கு என்ன? நாளைக்கு யாராவது "இந்தக் கையெழுத்தை இவர் போடவே இல்லை" என்றால், உங்களைக் காப்பாற்றப் போவதும் இந்தப் பதிவேடுதான். சித்தப்பா பத்திரத்தில் பதிவேட்டு வரிசை எண்ணே இல்லை. முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது, எண் போட வேண்டிய இடம் காலி. எங்கள் புகாரில் மிக வலுவான வரி அதுதான் என்றார் வழக்கறிஞர்.

அதனால் அடுத்த தடவை ஜெராக்ஸ் கடைப் பையன் கையில் தாளைக் கொடுத்து அனுப்பாதீங்க. கூடவே நடந்து போங்க. நோட்டரி முன்னால் உட்கார்ந்து, அசல் அடையாள அட்டையைக் காட்டி, அவர் கண் எதிரில் கையெழுத்துப் போடுங்கள். பதிவேட்டிலும் உங்கள் கையெழுத்தை வாங்கச் சொல்லுங்கள். பத்திரத்தில் வரிசை எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ரசீது கேளுங்கள். வாங்கிய கட்டணத்துக்கு ரசீது கொடுப்பது அவர் கடமை. கட்டணப் பட்டியலை அலுவலகத்துக்கு உள்ளேயும் வெளியேயும் கண்ணில் படும்படி மாட்டி வைக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. எத்தனை இடத்தில் மாட்டியிருக்கிறது என்று நீங்களே பாருங்களேன். கிளம்புவதற்கு முன் பத்திரத்தின் எல்லாப் பக்கங்களையும் ரசீதையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுத்த தேதியும் நேரமும் அதில் பதிவாகிவிடும்.

வெற்றுத் தாளில் "அப்புறம் நிரப்பிக்கலாம்" என்று யார் சொன்னாலும் கையெழுத்து வேண்டாம். பின்தேதி, முன்தேதி போடச் சொல்லி நாமே நோட்டரியை நச்சரிப்பதும் உண்டு. "நேத்துத் தேதி போட்டுக் கொடுங்க சார்" என்று கேட்பவர்தான் நாளைக்கு அதே விஷயத்துக்காக வேறொருவர் மேல் புகார் எழுதுகிறார்.

நோட்டரி முத்திரையால் முடியாதவை

கல்யாணம் செய்து வைக்கும் அதிகாரமோ விவாகரத்துக் கொடுக்கும் அதிகாரமோ நோட்டரிக்கு இல்லை. இருந்தும் 'நோட்டரி கல்யாணம்' பல ஊர்களில் நடக்கிறது. 2024 அக்டோபரில் மத்திய சட்ட அமைச்சகம், இப்படிப்பட்ட பத்திரங்களைத் தயாரிப்பது முறைகேடு, நடவடிக்கை வரும் என்று நோட்டரிகளுக்குக் குறிப்பாணையே அனுப்பியது. முத்திரைத் தாளில் "நாங்கள் பிரிந்துவிட்டோம்" என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டாலும் சட்டப்படி அவர்கள் கணவன் மனைவியேதான்.

நிலம் விற்பதும் அப்படித்தான். தமிழ்நாட்டில் அசையாச் சொத்து சம்பந்தப்பட்ட பவர் பத்திரத்தையும் விற்பனை ஒப்பந்தத்தையும் 2012 டிசம்பர் முதல் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். "நோட்டரி பண்ணிய பவர் இருக்கு, மனையைத் தைரியமா வாங்குங்க" என்று புரோக்கர் சொன்னால் அட்வான்ஸை எடுக்காதீங்க. வாடகை ஒப்பந்தத்தை நோட்டரி செய்து பீரோவில் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சேதி: 2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி அதை வாடகை அதிகார அமைப்பிடம் இணையவழியில் பதிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று, பல விண்ணப்பங்களுக்கு இப்போது சுய சான்றொப்பமே போதும். படிவத்தில் நோட்டரி என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கவுன்ட்டரில் வாய்வழியாகச் சொன்னால் எந்த விதியில் இருக்கிறது என்று கேளுங்கள். வேண்டாத இடத்தில் வாங்குகிற முத்திரைகள் கூடக் கூடத்தான், முகம் பார்க்காமல் குத்துகிற பழக்கமும் வளர்கிறது என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் புகார் இரண்டாவது முறை ஏற்கப்பட்டது. நோட்டரியிடம் விளக்கம் கேட்டிருப்பதாகக் கடிதம் வந்திருக்கிறது. பங்காளி மேல் கொடுத்த போலீஸ் புகார் தனியாக நடக்கிறது. கரண்ட் பில் எஸ்எம்எஸ் போன மாசத்திலிருந்து மறுபடி ஷார்ஜாவுக்கு வருகிறது. சித்தப்பா அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டிருந்தார்.